கண்ணீர்த் துளியும் காலிப் புட்டியும்: ஒரு விளம்பரப்படத்தைக் குறித்த திறனாய்வு

காப்பியங்களையும் புதினங்களையும் திறனாய்வு செய்வோர் விளம்பரப்படங்களைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு நிமிடம் ஓடி மறையும் ஒன்றில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கருதுவதே வழக்கம். ஆனால் மக்களின் அன்றாடக் கருத்துகளை உருவாக்குவதில் பெருநூல்கள் பெறாத வெற்றியை இத்தகைய படங்கள் பெற்றுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. அப்படத்தை ஒருமுறையும் பார்த்திராத நம் மக்களும் அது வடித்துத் தந்த கருத்தை நாள்தோறும் சொல்லி வருகின்றனர். “எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது, வாங்குகிறவன் திருந்தினால் விற்கிறவன் தானாகத் திருந்துவான்” என்பதே அக்கருத்து. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும், ஆலயத்துச் சுற்றுச்சூழல் ஞாயிறன்றும், பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமரும் மனிதரிடத்தும் இதனைக் கேட்கலாம். இது எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்பட்டது என்பதை யாரும் கேட்பதில்லை.

இப்படம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், புவி நாளையொட்டி முதன்முதலாகக் காட்டப்பட்டது. மான்தோலுடையும் தலையில் இறகும் அணிந்த பழங்குடி மனிதர் ஒருவர் சிறு படகொன்றைத் துடுப்பால் வலித்துக்கொண்டு ஆற்றில் வருகிறார். முதலில் மரங்கள் அடர்ந்த கரைகள். பின்னர் நீரில் குப்பை மிதக்கின்றது. ஆலைகளின் புகை தெரிகின்றது, துறைமுகம் வருகின்றது. அவர் குப்பை ஒதுங்கிய கரையில் படகை இழுத்துவிட்டு ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் வந்து நிற்கிறார். விரைந்து செல்லும் காரிலிருந்து எவரோ வீசியெறிந்த உணவுப் பை அவர் காலடியில் விழுந்து சிதறுகின்றது. அவர் முகத்தை நம் பக்கம் திருப்புகிறார். கண்ணிலிருந்து ஒரு துளி நீர் வழிகின்றது. நாட்டின் இயற்கை அழகைப் போற்றுவோரும் உளர், போற்றாதோரும் உளர் என்று கூறிவந்த பின்னணிக் குரல், மாசினைத் தொடங்குவோர் மக்களே, அதனை நிறுத்தக் கூடியவரும் மக்களே என்னும் பொருள்பட முடிக்கின்றது.

கலை நோக்கில் இதனைக் குறைகூற இடமில்லை. அறுபது நொடிகளில் ஒரு நாட்டின் வீழ்ச்சியைக் காட்டிவிடுகிறார்கள். பேசாத மனிதரின் கண்ணீர் எந்த வாதத்தையும்விட ஆற்றல் வாய்ந்தது. எனினும் கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் இப்படத்தில் ஒத்துப்போகவில்லை என்பதைச் சற்று நிதானித்துப் பார்ப்போர் காண்பர். ஆற்றின்மேல் கவிந்த புகையை ஒளிப்படக் கருவி காட்டுகின்றது. பின்னணிக் குரலோ அதனைக் குறித்து ஒன்றும் கூறுவதில்லை. புகை வானிலையைப் போல, கேட்பாரற்ற இயற்கை நிகழ்ச்சியாக வந்து போகின்றது. கண்ணீர் பெருகும் தருணமோ காரிலிருந்து விழுந்த பைக்கு மட்டும் உரியதாக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. “மக்கள்” என்னும் சொல்லில்தான் இப்படத்தின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆலை முதலாளியும் மக்களுள் ஒருவர். காரில் செல்பவரும் மக்களுள் ஒருவர். ஆனால் பார்ப்பவர் அச்சொல்லைக் கேட்கும்போது அவர் நினைவுக்கு வருவது தம்முடைய கை மட்டுமே.

படத்தை வெளியிட்டவர் யார் என்னும் கேள்வி இங்கு எழுகின்றது. அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம் என்னும் பொருளுடைய ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ இயக்கத்திற்காக, அந்நாட்டு விளம்பரக் கழகத்தின் ஒத்துழைப்புடன் இது தயாரிக்கப்பட்டது. இவ்வியக்கம் 1953-ஆம் ஆண்டு தோன்றியது. தோற்றுவித்தோருள் முதன்மையானவை அமெரிக்கன் கேன், ஓவன்ஸ்-இல்லினாய் ஆகிய நிறுவனங்கள். முன்னது தகர டப்பாக்களையும் பின்னது கண்ணாடிப் புட்டிகளையும் அக்காலத்தில் செய்து விற்றவை. பானங்களை விற்கும் நிறுவனங்களும் உடன்சேர்ந்தன. குப்பையாக வீசப்படும் பொருளைச் செய்பவரே குப்பையை எதிர்க்கும் இயக்கத்தைத் தொடங்கினர் என்று கேட்டவுடன் நகைக்கத் தோன்றும். அவர்கள் கபடக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆயினும் அது போதாது. அவர்கள் எதற்கு அஞ்சினர் என்று பார்ப்பதே பயனுள்ளது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் பீரும் சோடாவும் பெரும்பாலும் திருப்பித் தரவேண்டிய புட்டிகளிலேயே விற்கப்பட்டன. வாங்குபவர் புட்டிக்கென்று சில காசு முன்பணம் கட்டுவார். காலிப் புட்டியைக் கொடுத்ததும் அதனைத் திரும்பப் பெறுவார். நம் ஊர்க் கோலி சோடாக் கடையை அறிந்தவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. புட்டி கடைக்காரருடையது, உள்ளே இருப்பது மட்டும் நம்முடையது. உடைத்தால் காசு கொடுக்க வேண்டும். நல்ல புட்டியொன்று கழுவி நிரப்பப்பட்டு இருபது முறையேனும் ஊரைச் சுற்றி வரும். இம்முறையில் புட்டி நெடுந்தொலைவு போக இயலாது. போனால் திரும்பி வரும் செலவு அதிகம். ஆகவே ஊருக்கு ஊர் சிறு நிரப்பகங்கள் இருந்தன. 1935-ஆம் ஆண்டில் தகர டப்பாவில் பீர் விற்பனைக்கு வந்தது. போருக்குப் பின் டப்பாவும், திருப்பித் தரவேண்டாத புட்டியும் பெருகின. வீசியெறியத்தக்க கலம் என்பது ஒரு தொழில்நுட்பம் மட்டுமன்று. அது ஒரு வணிகமுறை. காலிக்கலம் திரும்ப வரவேண்டாம் என்றால் ஒரே பெரிய ஆலையிலிருந்து பல மாநிலங்களுக்கும் பானத்தை அனுப்பலாம். கழுவும் ஆட்கள் வேண்டா; திரும்பும் வண்டி வேண்டா. அச்செலவு மறைந்துவிட்டதா என்றால், இல்லை. சாலையோரத்தைப் பெருக்கும் நகராட்சியின் கணக்கில், அதாவது வரி செலுத்துவோரின் கணக்கில், அது போய்ச் சேர்ந்தது.

வெர்மான்ட் என்னும் சிறு மாநிலத்தின் உழவர்களே இதனை முதலில் உணர்ந்தனர். சாலையிலிருந்து வயலில் எறியப்பட்ட புட்டிகளின் கண்ணாடித் துண்டுகள் வைக்கோலோடு கலந்து மாடுகளின் வயிற்றுக்குள் சென்றன. 1953-இல் அம்மாநிலச் சட்டமன்றம், திருப்பி நிரப்ப இயலாத புட்டிகளில் பீர் விற்பதைத் தடை செய்தது. மேற்கூறிய இயக்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். நான்கு ஆண்டுகளில் அச்சட்டம் காலாவதியாகிவிட்டது, இயக்கம் நிலைத்தது. வெர்மான்ட் உழவர் கேட்ட கேள்வி, “இப்படிப்பட்ட புட்டியை ஏன் விற்கிறீர்கள்?” என்பது. இயக்கம் அதனை, “புட்டியை ஏன் எறிகிறீர்கள்?” என்று மாற்றியது. குப்பை போடுகிறவரைப் பூச்சியென இழிக்கும் சொல்லொன்றும் நாடெங்கும் பரவியது. இரண்டும் நேர்மையான கேள்விகளே. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வைக்கப்பட்டதே தவறு.

இப்படத்தின் ஒழுங்குமுறை இறையியல் மாணவருக்குப் புதியதன்று. குற்றத்தைச் சுட்டிக்காட்டுதல், உள்ளம் உடைதல், தன் பங்கினை அறிக்கையிடுதல், மாறிய வாழ்வுக்கு அழைப்பு என்னும் எழுப்புதல் கூட்டங்களின் முறையே இங்கும் பின்பற்றப்பட்டுள்ளது. கண்ணீர் விடும் முகம் நம்மை நோக்கித் திரும்பும்போது நாத்தான் தாவீதை நோக்கி விரல் நீட்டிய காட்சி நினைவுக்கு வருகின்றது. ஆனால் நாத்தான் விரல் நீட்டியது ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த அரசனை நோக்கி. இங்கோ, அறிக்கையிட வேண்டியவர்களுள் ஒருவர் பிரசங்க பீடத்தில் ஏறி நின்றுகொண்டு சபையாரை அறிக்கையிடச் சொல்லுகிறார். சபையாரும் குற்றமற்றவரல்லர் என்பதால் அழைப்புக்கு உடனே பணிகின்றனர். தனிமனிதப் பாவத்தை மட்டுமே பேசிப் பழகிய நம் மேடைகளுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. துணிப்பை எடுத்துச் செல்வேன் என்று உறுதிமொழி அட்டையில் கையெழுத்திடும் நம் ஞாயிறுகளில், அப்பையில் வந்து விழும் பொருள்களை உறையிட்டவர் யார் என்று யாரேனும் கேட்டதுண்டா?

கண்ணீர் விட்ட மனிதரைப் பற்றியும் ஓரிரு சொற்கள் கூறவேண்டும். அயர்ன் ஐஸ் கோடி என்னும் பெயரில் பல திரைப்படங்களில் பழங்குடி வேடமேற்ற அந்நடிகர், லூயிசியானாவில் குடியேறிய இத்தாலியப் பெற்றோருக்கு 1904-இல் பிறந்தவர். 1996-இல் நாளிதழொன்று இதனை வெளிப்படுத்தியது. 1999-இல் இறக்கும்வரை அவர் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. வேடம் பொய் என்பது சிறு செய்தியே. நடிகர் வேடமிடுவது இயல்பு. அதனினும் பெரிய பொய் ஒன்றுண்டு. படம் தயாரான நாள்களில் உண்மையான பழங்குடி மக்கள் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த அல்கட்ராஸ் தீவில் இருந்தனர். 1969 நவம்பர் முதல் 1971 ஜூன் வரை அத்தீவைக் கைப்பற்றித் தங்கள் நிலவுரிமையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் அழவில்லை, பேசினர். படம் தேர்ந்துகொண்டதோ, பேசாமல் அழும் ஒருவரை, அதுவும் கடந்த காலத்திலிருந்து படகேறி வந்தவரைப் போல. 2023-ஆம் ஆண்டில் இப்படத்தின் உரிமை அமெரிக்கப் பழங்குடியினர் தேசியப் பேரவையின் நிதியத்திற்கு மாற்றித் தரப்பட்டது. அவர்கள் அதனை இனித் திரையிடாமல் ஓய்வுபெறச் செய்யவே பெற்றுக்கொண்டனர்.

படம் வெளியான அதே 1971-இல், ஆரிகன் மாநிலம் வேறு வழியில் சென்றது. பீர், சோடாக் கலங்களுக்கு முன்பணம் கட்டாயம் என்று சட்டமியற்றியது. 1972 அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான கலங்களுக்கு 5 சென்ட். பிய்த்தெறியப்படும் டப்பா மூடிகளும் தடை செய்யப்பட்டன. கலங்களைச் செய்யும் நிறுவனங்களும் பான நிறுவனங்களும் இதனைக் கடுமையாக எதிர்த்தன. அதற்கு முந்தைய ஆண்டில் அண்டை மாநிலமாகிய வாஷிங்டனில் இத்தகைய திட்டம் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றிருந்தது. பின்னர் 1976-இல் மிச்சிகனும் மெய்னும் வாக்கெடுப்பில் இதனை ஏற்றன. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மறுத்தது. 1982-இல் கலிபோர்னியா மறுத்தது. அழகைப் பேணும் இயக்கம் இச்சட்டங்களுக்குத் துணை நிற்காததால் சுற்றுச்சூழல் அமைப்புகள் சில அதன் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகின. கண்ணீர்த் துளியை ஆதரித்த பலர் காலிப் புட்டிக்கு 5 சென்ட் கொடுக்க மறுத்தனர் என்பது இப்படத்தைப் பற்றிய எந்தத் திறனாய்வையும்விடக் கூர்மையான திறனாய்வு.

ஆரிகனில் நடந்தது யாதெனில், சாலையோரக் குப்பையில் பானக்கலங்களின் பங்கு சில ஆண்டுகளிலேயே பெரிதும் குறைந்தது. மக்களின் மனம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. காரிலிருந்து எறிபவர் எறியத்தான் செய்தார். ஆனால் அவர் எறிந்ததைப் பொறுக்கிக் கடையில் கொடுத்துக் காசு பெறச் சிறுவர்களும் ஏழைகளும் இருந்தனர். காலப்போக்கில் 5 சென்டின் மதிப்புக் குறைந்து, திரும்பிவரும் கலங்களின் அளவும் சரிந்தது. 2017-இல் அதனை 10 சென்டாக உயர்த்தியபின் மீண்டும் கூடியது. மக்களின் ஒழுக்கம் 5 சென்டுக்கு விலை போகும் என்று இதனை ஏளனமாகக் கூறுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. செய்ய வேண்டியதைச் செய்வதற்கு ஒரு வழி அமைத்துத் தரப்பட்டபோது மக்கள் அவ்வழியில் நடந்தனர் என்றே கூறுவேன். வழியை அடைத்துவிட்டு நடக்கவில்லையே என்று கண்ணீர் விடுவது நேர்மையன்று.

இங்கு நிறுவனங்கள் தரும் விடையொன்று உண்டு. அதுவும் நம் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. “மக்கள் விரும்பியதையே நாங்கள் விற்கிறோம்” என்பதே அது. நுகர்வோரே அரசர் என்றும் சொல்வர். இதில் உண்மை இல்லாமலில்லை. காலிப் புட்டியைச் சுமந்துகொண்டு கடைக்குத் திரும்ப யாரும் ஆவலாயிருப்பதில்லை. ஆனால் தேர்வு என்பது கடைப்பலகையின் முன் நிகழ்கின்றது; பலகையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது வேறோரிடத்தில் முன்னமே முடிவு செய்யப்படுகின்றது. திருப்பித் தரும் புட்டி கடையில் இல்லாதபோது அதனைத் தேர்ந்துகொள்ள எந்த நுகர்வோராலும் இயலாது. நம் நாட்டு ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனை முன்னோடியாகக் கொண்டு பரவிய இச்சிறு உறை, முழுப் புட்டி வாங்க இயலாத ஏழைப் பெண்ணுக்கும் ஷாம்புவை எட்டச் செய்தது. இதனை இகழ்வதற்கு வசதி படைத்தவருக்கு உரிமையில்லை. ஆயினும் அவள் விரும்பியது ஒரு ரூபாய் ஷாம்பு. மட்காத உறையை அவள் கேட்கவில்லை. காலிப் புட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் சில்லறை கிடைக்கும். பல படலங்கள் ஒட்டிய அந்த உறையைக் குப்பை பொறுக்குவோரும் தொடுவதில்லை, அதற்கு விலையில்லை. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் அது கிடப்பதற்கு அவளையா குற்றஞ்சாட்டுவது?

பொருளியலறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இவ்விவாதத்தில் பலகாலும் எடுத்துக்காட்டப்படும். நிறுவனத்தின் சமுதாயப் பொறுப்பு, விதிகளுக்கு உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே என்பது அதன் சாரம். பொதுநலனை மேலாளர்களிடம் ஒப்படைக்கக் கூடாது, அது மக்களாட்சியின் பணி என்பது அவர் எண்ணம். இதனை முற்றும் தள்ளிவிட வேண்டியதில்லை. நிறுவனம் அறச்சாலையாக நடிப்பதைவிடத் தான் வணிகன் என்று ஒப்புக்கொள்வது மேலானது. ஆனால் ஆட்டக்காரரே விதிகளையும் எழுத முற்பட்டால் என்ன செய்வது என்னும் கேள்விக்கு அக்கட்டுரையில் போதிய விடையில்லை. ஆரிகன் மக்களின் பேராளர்கள் விதியொன்றை இயற்ற முயன்றபோது, அதனைத் தடுக்கப் பணம் செலவிட்டவர்கள் ஆட்டக்காரர்களே.

புட்டிக்கு மட்டும் உரிய கதையன்று இது. அமெரிக்காவில் கார் விபத்துகள் அனைத்தும் ஓட்டுநரின் பிழையே என்பது நெடுங்காலம் பொதுக்கருத்தாக இருந்தது. 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல், காரின் அமைப்பே மனிதரைக் கொல்கின்றது என்று எடுத்துக்காட்டியது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் ஓட்டுநர் எவரும் கவனமின்றி ஓட்ட உரிமை பெற்றுவிடவில்லை. அவருடைய பிழைக்குத் தண்டனை மரணமாக இருக்கவேண்டியதில்லை என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கண்ணீர்ப் படத்தின் வழித்தோன்றல்களும் பல. நெகிழிப் பொருள்களின் அடியில் சுழலும் அம்புகளுக்கு நடுவே ஓர் எண் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். 1988-இல் அமெரிக்க நெகிழித் தொழிற்கழகம் அம்முறையைப் புகுத்தியது. எந்த வகை நெகிழி என்பதைத் தெரிவிப்பதே அவ்வெண்ணின் பணி. ஆனால் அம்புக்குறியைக் காண்பவர் அப்பொருள் மீண்டும் பயனுக்கு வந்துவிடும் என்று ஆறுதலடைகிறார். 2017-இல் வெளியான அறிவியல் ஆய்வொன்றின்படி, 2015 வரை உலகில் செய்யப்பட்ட நெகிழி ஏறத்தாழ 830 கோடி டன். கழிவாகிப்போன நெகிழியில் மறுசுழற்சிக்குச் சென்றது 9 விழுக்காடே. அதுபோன்றே, ஒவ்வொருவரும் தம் வாழ்வினால் காற்றில் கலக்கும் கரிவளியைக் கணக்கிட்டுப் பார்க்கும் கருவியொன்றை 2004-இல் விளம்பரப்படுத்திப் பரப்பியது பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம். கரித்தடம் என்னும் சொல் இன்று நம் பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. தம் வீட்டு விளக்கையும் விசிறியையும் கணக்கிட்டு வருந்தும் மாணவனுக்கு, அக்கணக்கைப் பரப்பியவர் எண்ணெய் விற்பவர் என்பதையும் ஆசிரியர் சொல்லித்தருவாரானால் நன்று.

இதனையெல்லாம் கேட்டவுடன் எதிர்ப்பக்கம் தாவுவோரும் உளர். “எல்லாம் நிறுவனங்களின் குற்றம், நான் ஒருவன் திருந்தி என்ன ஆகப்போகிறது?” என்று கூறி, கையிலிருப்பதைச் சன்னல்வழியே எறிந்துவிடுவர். அவர்களுக்கு இது மற்றொரு வகை ஆறுதல். கண்ணீர்ப் படம் நிறுவனத்திற்கு அளித்த விடுதலையை இவர்கள் தமக்கு அளித்துக்கொள்கிறார்கள். ஆரிகன் சட்டம் யாரையும் விடுவிக்கவில்லை என்பதை இவர்கள் கவனிக்க வேண்டும். விற்பவர் திரும்ப வாங்கவேண்டும். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒருவர் பொறுப்பு மற்றவர் பொறுப்பை இழுத்துப் பிடிக்கின்றது. பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல் உடையவர் விலகி நிற்க, அவ்வாற்றல் இல்லாதவரிடம் மட்டும் பேசும்போதுதான் பொறுப்பு என்பது வெறும் குற்ற உணர்வாகத் தேய்ந்துவிடுகின்றது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் பதினான்கு வகை தடை செய்யப்பட்டன. பூக்காரப் பெண்ணின் கைப்பையும், தேநீர்க் கடைக்காரரின் குவளையும், உணவகத்தின் பொட்டலத் தாளும் அதில் அடங்கின. பெரும் நிறுவனங்கள் ஆலையிலேயே பொருளை அடைத்தனுப்பும் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்களிக்கப்பட்டது. விலக்குப் பின்னர் நீக்கப்பட்டதாயினும், எந்தப் பெட்டிக்கடையிலும் சரஞ்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைப் பார்ப்பவர், தடையின் சுமை எத்திசையில் சாய்ந்தது என்பதைத் தாமே கண்டுகொள்வர். மஞ்சப்பை நல்ல திட்டமே. அது எவரிடம் பேசுகின்றது, எவரிடம் பேசவில்லை என்பதே கேள்வி.

வெர்மான்ட் மாடுகளின் கதை நம் நாட்டில் யானைகளின் கதையாக மீண்டும் நிகழ்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடித்துவிட்டு எறியும் மதுப்புட்டிகளின் உடைந்த கண்ணாடி யானைகள் முதலிய விலங்குகளின் கால்களைக் கிழிப்பது சென்னை உயர்நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. காட்டில் குடிக்காதீர் என்னும் அறிவிப்புப் பலகைகள் அங்கே பஞ்சமில்லை. நீதிமன்றமோ விற்பவரிடம் பேசியது. விற்பவர் அரசு நிறுவனமாகிய டாஸ்மாக். 2022-இல் நீலகிரி மாவட்டத்தில், ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை தொடங்கப்பட்டது. விற்ற புட்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்துத் தடுமாறுபவருக்கும் புட்டியைத் திருப்பிக் கொண்டுவர முடிந்திருக்கிறது. மதுவிலக்கை வற்புறுத்தும் நம் சபைகளுக்கு மதுக்கடையைச் சான்றாகக் காட்டுவது உவப்பாயிராது என்பதை அறிவேன். ஆயினும் இதனினும் நல்ல சான்று நம்மிடம் இல்லை.

இத்திட்டம் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அப்போது எதிர்ப்புக் குரல் எழுந்தது கடை ஊழியர்களிடமிருந்து. புட்டிதோறும் அடையாளச் சீட்டு ஒட்டுவதும், நாற்றமடிக்கும் காலிப் புட்டிகளை எண்ணி வாங்கி அடுக்குவதும், சில்லறை தருவதும் ஏற்கெனவே விற்பனையில் மூழ்கியிருந்த அதே ஊழியர் தலையில் விழுந்தன. போதிய இடமுமில்லை, தனி ஆட்களுமில்லை என்று அவர்கள் போராடினர். திட்டத்தை ஆதரித்த நாளிதழ் வாசகர்களுட் சிலர் அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்தனர். பானத்தின் விலையில் புட்டி திரும்பி வரும் செலவு சேர்க்கப்படவில்லையெனில் அதனை யாரோ ஒருவர் தம் முதுகில் சுமந்துதான் ஆகவேண்டும். இம்முறை அவர் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ஒப்பந்தக் கூலி பெறும் மனிதர்.